மரப்பட்டையில் மல் துணியின் மென்மை எப்படி வந்தது? ஹவாய்த் தீவுகளின் ‘கப்பா’

செங்காந்தள் எழுதியது:

மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், மழைக்கு ஒதுங்கிய ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தது இது. மூன்று நாளாக மனத்தை விட்டுப் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு துணி. பால் வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் இடைப்பட்ட நிறம். ஓரத்தில் செம்மண் நிறக் கோடுகள், ஒவ்வொன்றும் தலைமயிர் கனம். முப்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்த கண் எனக்கு; துணியைப் பார்த்தால் முதலில் நூலைத்தான் தேடும். தேடினேன். நூலே இல்லை. அட்டையில் ‘ஹவாய், 18ஆம் நூற்றாண்டு, மரப்பட்டை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

மரவுரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வனவாசம் போகிறவர்களுக்குப் படங்களில் உடுத்திவிடுவார்களே, அந்த முரட்டுக் கோணி. இதைக் கைக்குழந்தைக்குப் போர்த்தலாம் போல இருந்தது. இன்னொன்று: வெளிச்சம் படும் மூலையில் துணிக்கு உள்ளேயே வலை மாதிரி ஒரு கோலம் தெரிந்தது. அச்சடித்தது போலவும் இல்லை, பின்னியது போலவும் இல்லை. எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிக்குழி எழுதியது:

பாவும் ஊடையும் இல்லாததைத் துணி என்று நான் சொல்லமாட்டேன் அம்மா. நாற்பது வருடம் குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன். பட்டையை நசுக்கித் தட்டையாக்கினால் அது காகிதம். காகிதத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டால் உடை ஆகலாம், துணி ஆகாது. மென்மையாக இருந்தது என்கிறீர்கள், தொட்டுப் பார்த்தீர்களா?

செங்காந்தள் எழுதியது:

கண்ணாடிக்குள் இருப்பதை எப்படி ஐயா தொடுவது! மடிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். காகிதம் மடிந்தால் முறியும், ஓரம் வெட்டியது போல நிற்கும். இது குழைந்து விழுந்திருந்தது.

வேர்முடிச்சு எழுதியது:

செடியிலிருந்து தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஹவாய்க்காரர்கள் இந்தத் துணியைக் கப்பா என்பார்கள். பிற பசிபிக் தீவுகளில் தப்பா என்று வழங்கும் அதே சொல். மற்றவர்கள் ‘த’ என்னும் இடத்தில் ஹவாய் மொழியில் ‘க’ வரும். சமோவாவில் சியாப்போ, தொங்காவில் ஙாட்டு, பிஜியில் மாசி. பெயர்கள் வேறானாலும் செடி பெரும்பாலும் ஒன்றே: காகித முசுக்கொட்டை. பட்டுப்புழுவுக்குத் தழை போடுகிறோமே, அந்த முசுக்கொட்டையின் பங்காளி. ஹவாயில் இதற்கு வௌக்கே என்று பெயர்.

இது அந்தத் தீவுகளில் தானாக முளைத்த செடி இல்லை. முதலில் குடியேறியவர்கள் தோணியில் கொண்டுவந்தது. விதை போட்டுப் பெருக்குவதும் கிடையாது. வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்து நடுவார்கள். 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்று பசிபிக் தீவுகளின் காகித முசுக்கொட்டையைத் தெற்குத் தைவான் வரை பின்தொடர்ந்து போனது. ஒரு வேரின் கன்று, அதன் கன்று, அதன் கன்று என்று தீவு தீவாகக் கைமாறிப் பல ஆயிரம் மைல் கடந்திருக்கிறது. ஈரத்துணியில் சுற்றிய ஒரு முளையைப் பாய்மரத் தோணியில் உப்புநீர் படாமல் காப்பாற்றி வந்த அந்தக் கையை நினைத்துப் பாருங்கள்.

வௌக்கே மட்டும்தான் என்றும் இல்லை. ஈரப்பலாவின் இளங்கிளைப் பட்டையிலும் செய்தார்கள். மாமக்கி என்று ஹவாயின் சொந்தச் செடி ஒன்று உண்டு, அதிலும் செய்தார்கள். அதன் இலையை இன்று தேநீராகப் போட்டுக் குடிக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்கும் மென்மைக்கும் வௌக்கேதான்.

அலையோரம் எழுதியது:

வணக்கம். நான் ஹவாயின் ஹொனலுலுவில் இருக்கிறேன். கணவர் வேலைக்காக வந்தது, ஒன்பது வருடம் ஆகிவிட்டது. போன வருடம் ஒரு கப்பா வகுப்பில் சேர்ந்து நானே ஒரு துண்டு அடித்தேன். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்கே தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது. அதனால் தறிக்குழி ஐயாவின் ‘நசுக்கித் தட்டையாக்கினால்’ என்ற சொல்லை என் தோள் ஒத்துக்கொள்ளாது.

வேலை மரத்தை வெட்டுவதில் தொடங்குவதில்லை. கன்று நட்ட சில மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. தண்டில் பக்கத்தளிர் எட்டிப் பார்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அங்கே கணு விழும். கணு விழுந்த இடத்தில் பட்டையில் ஓட்டை வரும். அந்த ஓட்டை துணி வரைக்கும் கூடவே வரும். நெருக்கி நட்டால் வெயிலைத் தேடிச் செடி நேராக வளரும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஆளைவிட உயரமான கொம்பாகிவிடும். அப்போது வெட்டுவார்கள். முற்ற விட்டால் நார் முரடாகிவிடும்.

வெட்டிய கொம்பில் அடி முதல் நுனி வரை ஒரே கீறல். முன்னாளில் சுறாப்பல் பதித்த கத்தியால் கீறினார்கள். பிறகு விரலை நுழைத்துப் பட்டையைப் பிரித்தால், பாம்புச் சட்டை போல முழுசாகக் கழன்று வருகிறது. அந்தச் சத்தமே ஒரு சுகம். உரித்த பட்டை குழாய் போலச் சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிச் சுருட்டி ஓரிரு நாள் வைத்தால் சுருள் மறந்து தட்டையாகும். அடுத்து, வெளித்தோலைச் சிப்பியால் சுரண்டி எடுக்க வேண்டும். பழுப்பும் பச்சையும் போய் உள்ளே இருக்கும் வெள்ளை நார்தான் நமக்கு வேண்டியது. ஒரு துளி பச்சை மிச்சமிருந்தாலும் பிறகு கறையாகத் தெரியும் என்று ஆசிரியை என் பட்டையை மூன்று முறை திருப்பிக் கொடுத்தார்.

அதை ஊறவைத்து, கல்லின் மேல் வைத்து, உருண்டை வடிவ அடிகட்டையால் அடிப்பது முதல் அடி. கட்டைக்கு ஹோஹோவா என்று பெயர். மூன்று விரல் அகலப் பட்டை என் கண்ணெதிரே ஒரு சாண் அகலத்துக்கு வந்தது. நீளம் அதிகம் கூடுவதில்லை, பக்கவாட்டில்தான் விரிகிறது. அதை வெயிலில் உலர்த்திவிடுகிறோம். முதல் அடியோடு நிறுத்தினால் ஐயா சொன்னது சரி, அது நார்க்காகிதம்தான்.

ஹவாயின் வித்தை அதற்குப் பிறகு இருக்கிறது. உலர்ந்த பட்டைகளை மறுபடி நீரில் போட்டு, நன்றாக ஊறியதும் ஈரத்தோடு பொதிந்து வைத்துப் புளிக்க விடுகிறார்கள். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். மற்ற தீவுகளில் இந்த இரண்டாம் ஊறலும் புளிப்பும் இந்த அளவுக்குக் கிடையாது. எங்கள் வகுப்பில் பன்னிரண்டாம் நாள் வாளியைத் திறந்தோம். மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டியை நாலு நாள் கழுவாமல் விட்டால் வருமே, அந்த வாடை. கையை விட்டால் நார் ஊறிய அவல் போல வழுக்கியது. நாரை நாரோடு ஒட்டிப் பிடித்திருந்த பசை அழிந்து, இழைகள் தனித்தனியாகக் கழன்றுவிட்டன. இப்போது நாலைந்து பட்டைகளை அடுக்கி அடித்தால் எது எந்தப் பட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. விளிம்போடு விளிம்பு ஏற்றி வைத்து நீர் தெளித்து அடித்தால் ஒட்டும் தெரியாது. சமோவாவில் கிழங்கு மாவுப் பசை போட்டு ஒட்டுவார்கள். இங்கே பசைக்கு வேலையே இல்லை.

இரண்டாம் அடி கல்லில் இல்லை, மரத்தில். அதற்குச் சமையல் நேரம் ஆகிவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

எதிர்க்கேள்வி எழுதியது:

அழகாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒரு சந்தேகம். ‘ஆசிரியை’ என்கிறீர்களே, அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது? ஹவாயில் கப்பா செய்வது 19ஆம் நூற்றாண்டோடு நின்றுபோனது என்றுதான் நான் படித்திருக்கிறேன். நின்றுபோன கலைக்கு வகுப்பு எங்கிருந்து வந்தது?

அலையோரம் எழுதியது:

நல்ல கேள்வி. அதற்கும் வருகிறேன், முதலில் செங்காந்தள் அக்கா கேட்ட வலைக்கோலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் அடிக்கு உள்ள கட்டை சதுரமானது. இயெ குக்கு என்பார்கள். கைப்பிடி உருண்டை, மேல்பகுதிக்கு நாலு முகம். கவ்விலா போன்ற இரும்பு மாதிரி கனக்கும் மரங்களில் செதுக்குவார்கள். நாலு முகத்திலும் நாலு விதம்: ஒன்றில் அகலமான வரிப்பள்ளம், அடுத்ததில் நெருக்கமான வரி, அதற்கடுத்ததில் இன்னும் நெருக்கம். அகல வரியில் அடித்தால் நார் வேகமாக விரியும், நெருங்கிய வரியில் சமனாகும். கட்டையைக் கையில் வைத்தபடியே முகம் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டு போகலாம். நாலாவது முகத்தில்தான் கோலம் செதுக்கியிருக்கும். கடைசிச் சுற்றில் அந்த முகத்தால் வரிசை தவறாமல் அடிப்பார்கள். கட்டை அழுத்திய இடத்தில் நார் மெலிந்து, பள்ளத்தில் இருந்த இடத்தில் தடித்து நிற்கும். ரூபாய் நோட்டைத் தூக்கிப் பிடித்தால் காந்தி தெரிகிறாரே, அதே நீர்க்குறி. சாதாரண வெளிச்சத்தில் லேசாகத் தெரியும், பின்னால் வெளிச்சம் இருந்தால் பளிச்சென்று தெரியும். பசிபிக்கில் வேறெங்கும் இதை இவ்வளவு தூரம் வளர்க்கவில்லை.

கோலங்களுக்குப் பெயர்கள் உண்டு. சுறாப்பல் ஒன்று, தாழம்பழ மாலை ஒன்று. நீங்கள் பார்த்தது அநேகமாக ‘மக்கா உபெனா’. மக்கா என்றால் கண், உபெனா என்றால் வலை. நாமும் வலைக்கண் என்றுதானே சொல்கிறோம்! ஆசிரியை இதைச் சொன்னபோது வகுப்பில் நான் ஒருத்திதான் சிரித்தேன், ஏன் என்று விளக்க வேண்டியதாயிற்று.

அடிக்கும் பட்டறை மரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். நீளமான கட்டை, மேல் முகம் இழைத்துத் தட்டையாக இருக்கும், அடிப்பக்கம் குடைந்திருக்கும். அதனால் அடித்தால் மத்தளம் போல முழங்கும். பெண்கள் கப்பா அடிக்கத் தனி வீடு இருந்தது. ஒரு பள்ளத்தாக்கில் அடிக்கும் தாளத்தைக் கேட்டு அடுத்த பள்ளத்தாக்குப் பெண்கள் பதில் தாளம் போடுவார்கள், செய்தியே அனுப்பிக்கொள்வார்கள் என்று ஹவாய் மரபில் சொல்கிறார்கள்.

தறிக்குழி எழுதியது:

தறிச்சத்தத்தை வைத்துத் தெருவில் யார் வீட்டில் யார் நெய்கிறார்கள் என்று நாங்களும் சொல்லுவோம். அதை நம்புகிறேன்.

துணியா காகிதமா என்பதில் அரை அடி பின்வாங்குகிறேன். கம்பளி மயிரை நனைத்து, மிதித்து, உருட்டி, நூற்காமலும் நெய்யாமலும் விரிப்பாக்குகிறார்கள், காஷ்மீரத்தில் நம்தா என்பார்கள். நீங்கள் சொல்லும் இரண்டாம் அடி அந்த இனம்தான். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிடித்துக்கொள்கின்றன. சரி, நம்தாவைத் துணி என்று ஒத்துக்கொண்டால் இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி, நெசவாளியின் கேள்வி: துவைத்தால் நிற்குமா?

அலையோரம் எழுதியது:

நிற்காது ஐயா. அங்கே மாட்டிக்கொண்டேன். நல்ல மழையில் நனைந்தால் தொய்ந்து கிழியும். எண்ணெய் ஊட்டிய வகை கொஞ்சம் தாங்கும். அழுக்கானால் எறிந்துவிட்டு வேறு அடித்துக்கொள்வதுதான். அதனால் ஒரு வீட்டுப் பெண்களுக்கு இந்த வேலை ஓய்ந்ததே இல்லை.

பழையபெட்டி எழுதியது:

ஓயாத வேலை என்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிய, எதற்கெல்லாம் வேண்டியிருந்தது என்று பார்க்க வேண்டும். ஆண்களின் கோவணம் ‘மாலோ’, ஒரு சாண் அகலம், ஆறு முழம் நீளம். பெண்களின் இடுப்புடை ‘பாஊ’, பல அடுக்குச் சுற்று. தோளில் முடிச்சிட்டுக்கொள்ளும் ‘கீஹெய்’. படுக்கைப் போர்வை என்றால் ஐந்து தாள்களை ஒரு பக்க ஓரத்தில் மட்டும் சேர்த்துத் தைத்தது. குளிருக்குத் தக்கபடி இரண்டோ மூன்றோ இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். அதில் மேல் தாளுக்கு மட்டும்தான் சாயமும் கோலமும். அதன் பெயர் கிலோஹானா. இன்றும் ஹவாய் மொழியில் எதிலும் தலைசிறந்ததைக் கிலோஹானா என்கிறார்கள். இவை தவிர விளக்குத்திரி, காயக்கட்டு, கோயில் கோபுரத்தைப் போர்த்தும் வெள்ளைத் துணி, இறந்தவர் எலும்பைப் பொதியும் துணி. பிறந்தது முதல் புதைத்தது வரை எல்லாம் அடித்ததுதான்.

1778 ஜனவரியில் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் ஹவாயின் கவாயித் தீவில் இறங்கியபோது இந்தக் கோலங்களைப் பார்த்து, ஏதோ ஜவுளிக்கடையில் பார்த்து நகல் எடுத்தார்களோ என்று தோன்றும் அளவுக்கு விதவிதமாக இருப்பதாக எழுதிவைத்தார். பாராட்டில்கூட இவர்களுக்குச் சொந்த மூளை இருக்கும் என்று தோன்றவில்லை பாருங்கள். அவருடைய கப்பல்களில் ஏறிய பசிபிக் பட்டைத்துணிகளை 1787இல் லண்டனில் அலெக்சாண்டர் ஷா என்பவர் சிறு சிறு துண்டாக வெட்டி, ஜவுளி மாதிரிப் புத்தகம் போலக் கட்டி விற்றார். வெட்டியது கொடுமைதான். ஆனால் புத்தகத்துக்குள் வெயில் படாமல் கிடந்ததால் அந்தத் துண்டுகளில் சாயம் மங்கவில்லை. திட்டுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

செங்காந்தள் எழுதியது:

சாயம் எதில்? அந்தச் செம்மண் கோடு ரசாயனச் சாயம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வேர்முடிச்சு எழுதியது:

செம்மண் நிறம் என்று கண் சரியாகவே பிடித்திருக்கிறது. அலையா என்ற சிவப்புக் காவிமண் அவர்களுடைய முக்கிய நிறங்களில் ஒன்று. மற்றவற்றில் பாதி நம் வீட்டுச் சரக்கு. மஞ்சள் கிழங்கு அங்கே ஓலெனா, தோணியில் போனது. நோனி வேர் மஞ்சள் நிறம் கொடுக்கும். அதனோடு பவளத்தைச் சுட்ட சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். நோனி என்பது நம் மஞ்சணத்தியின் இனம். வெற்றிலையில் சுண்ணாம்பு பட்டால் வாய் சிவப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. குக்குய் கொட்டையை எரித்து எடுக்கும் புகைக்கரி கறுப்பு, அதே மரத்தின் பட்டை செம்பழுப்பு. காட்டுப் பருத்தியின் இலையிலிருந்து பச்சை, ஒருவகைக் காட்டுப் பழத்திலிருந்து நீலம்.

மயிரிழைக் கோடு போட்டது மூங்கிலால். மூங்கில் சிம்பின் நுனியைச் சீப்பு போலக் கீறி, சாயத்தில் தொட்டு இழுத்தால் ஒரே இழுப்பில் நாலைந்து இணைகோடுகள். அச்சுக்கும் மூங்கில் சிம்புதான், உள்பக்கத்தில் கோலம் செதுக்கி, வரிசையாக ஒற்றிக்கொண்டே போவார்கள். சிம்பு குறுகலாக இருப்பதால் வளைவைவிட முக்கோணமும் சாய்கோடும்தான் அதிகம். கருவி எப்படியோ கோலமும் அப்படி.

வாசனையும் உண்டு. மைலே கொடி, கவாயித் தீவின் மொக்கிஹானா காய், சந்தனத் தூள் இவற்றை மடிப்புகளுக்கு இடையில் வைப்பார்கள். புளித்த வாடை போக வேண்டாமா!

மட்டுறுத்துநர் எழுதியது:

கம்பர் சொல்லும் ‘சீரை’ என்ற மரவுரி எந்த மரத்துப் பட்டை என்ற விவாதம் பதினேழு பதிவுகள் ஓடியதால் அதைத் தனி இழையாக மாற்றியிருக்கிறேன். இங்கே ஹவாய் மட்டும்.

எதிர்க்கேள்வி எழுதியது:

என் கேள்வி அப்படியே நிற்கிறது. யார் கற்றுக்கொடுத்தது?

பழையபெட்டி எழுதியது:

அறுந்த கதையை நான் சொல்கிறேன், மறுபடி முடிச்சுப் போட்ட கதையை அலையோரம் சொல்லட்டும்.

கப்பலில் வந்த பருத்தித்துணி முதலில் போட்டியாக வரவில்லை, சரக்காக வந்தது. பெண்கள் சிவப்புப் பருத்தித்துணியைப் பிய்த்து இழை இழையாக்கி, வெள்ளை நாரோடு சேர்த்து அடித்து இளஞ்சிவப்புக் கப்பா செய்தார்கள். பாஇஉலா என்று பெயர். வெள்ளைக்காரன் நெய்ததைக் குலைத்துத் தங்கள் துணிக்குள் அடித்துச் சேர்த்த அந்த மிடுக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 1819இல் பழைய மதத்தின் விலக்கு முறைகள் ஒழிக்கப்பட்டன, கோயில்களும் போயின. கோயிலுக்கு வேண்டிய துணிக்கு இனி வேலை இல்லை. 1820இல் மிஷனரிகள் வந்தார்கள். அவர்கள் பெண்டுகள் ஊசி நூலோடு உட்கார்ந்து தலைவர் வீட்டுப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மிஷனரியை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் முடியாது. தறிக்குழி ஐயா கேட்ட கேள்விதான் கப்பாவைக் கொன்றதில் பாதி: துவைத்தால் நிற்குமா? பருத்தி நின்றது. மீதிப் பாதி இன்னும் கொடியது. வெளியிலிருந்து வந்த நோய்களில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தாரையும் சேர்த்து ஹவாயர்கள் ஏறத்தாழ 40,000 பேர்தான். பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கப் பாட்டியும் வேண்டும், பேத்தியும் வேண்டும்.

பெயர் மட்டும் வேறு வீட்டுக்குக் குடிபோனது. ஹவாய்ப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையையும் கப்பா என்றே சொல்கிறார்கள்.

அலையோரம் எழுதியது:

எதிர்க்கேள்வி அவர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: கைப்பழக்கமாக யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சங்கிலி அறுந்ததுதான். 1960களில் மலியா சாலமன், 1970களில் புவானானி வான் டார்ப் போன்றவர்கள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கினார்கள். கையில் இருந்தது மூன்று. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருந்த பழைய துண்டுகளும் கட்டைகளும் ஒன்று. சாமுவேல் கமக்காவு போன்ற ஹவாயர்கள் 19ஆம் நூற்றாண்டில் தாய்மொழிப் பத்திரிகைகளில் எழுதிவைத்த விவரங்கள் இரண்டு. சங்கிலி அறாத சமோவா, பிஜி, தொங்காப் பெண்கள் மூன்று. எத்தனை நாள் புளிக்க வேண்டும், எந்த நீரில், எவ்வளவு நிழலில் என்பதெல்லாம் அழுகிப்போன நாரைக் கொட்டிக் கொட்டித் தெரிந்துகொண்டது. என் ஆசிரியை அந்தத் தலைமுறைக்கு அடுத்தவர்.

எதிர்க்கேள்வி எழுதியது:

அப்படியானால் இது மரபு இல்லை, மறுநடிப்பு. தவறாகச் சொல்லவில்லை. கடையில் சட்டை வாங்கும் காலத்தில், யாரும் உடுத்தாத ஒன்றை, புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறார்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டச் செய்வது கைவினைப் பொருள். உடுத்த, போர்த்த, புதைக்கச் செய்தால்தான் கப்பா. பழையபெட்டி சொன்ன பட்டியலே எனக்குச் சாட்சி.

அலையோரம் எழுதியது:

புதைக்க என்றீர்கள். அங்கேயே வருகிறேன்.

மாவுயித் தீவில் ஹொனொகஹுவா என்ற கடற்கரை மணல்மேடு. 1980களின் பிற்பகுதியில் ஒரு பெரிய ஹோட்டல் கட்ட அங்கே தோண்டினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எலும்புகள். நூறு, இருநூறு, ஐந்நூறு என்று ஏறி ஆயிரத்தைத் தாண்டியது. பழங்கால ஹவாயர்களின் இடுகாடு அது. மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், 1988 டிசம்பரில் ஹொனலுலுவில் இரவு முழுதும் விழித்திருந்தார்கள். தோண்டுவது நின்றது, கட்டடம் உள்ளே தள்ளிப் போனது. எடுத்த எலும்புகளைத் திரும்ப அதே மணலில் வைக்க வேண்டும். மரபுப்படி கப்பாவில் பொதிந்துதான் வைக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கப்பா எங்கே இருக்கிறது? வான் டார்ப்பும் அவரோடு சேர்ந்த பெண்களும் உட்கார்ந்து அடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று.

அந்தத் துணிகளை யாரும் எந்தச் சட்டத்திலும் மாட்டவில்லை. இன்று அவற்றைப் பார்க்கவும் முடியாது. மணலுக்குள் இருக்கின்றன.

உடுத்துவதும் நடக்கிறது. 2011இல் ஹிலோ நகரின் மெர்ரி மோனார்க் விழாவில் ஒரு ஹூலா நடனக் குழு முழுக்கக் கப்பா உடுத்தி ஆடியது; பல கைவினைஞர்கள் ஆளுக்குச் சிலவாக அடித்துக் கொடுத்தவை. வைமெயாவில் ரோயன் ஹஃபர்டு தோட்டத்தில் வௌக்கே வளர்த்து அடிக்கிறார். மறைந்த அவர் தாயார் மேரி மெக்டொனால்டும் கப்பாக் கலைஞராக இருந்தவர். 2023இல் ரோயனுக்கு அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. தாயும் மகளும் ஒரே பட்டறையில் அடித்தார்கள் என்றால் சங்கிலியில் ஒரு கண்ணி மறுபடி விழுந்துவிட்டதாகத்தானே கணக்கு?

எதிர்க்கேள்வி எழுதியது:

ஹொனொகஹுவா எனக்குத் தெரியாது. ‘சட்டத்தில் மாட்ட’ என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அறுந்ததை அறுந்தது என்று சொல்ல வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அலையோரம் எழுதியது:

அதை என் ஆசிரியையே முதல் நாள் சொன்னார். சண்டை இல்லை.

வேர்முடிச்சு எழுதியது:

அழுத்தம் கொஞ்சம் குறையட்டும், ஒரு கதை. மைக்கோஹா என்பவர் நுவானுப் பள்ளத்தாக்கில் சாகும் தறுவாயில் மகள்களை அழைத்து, ஓடைப் பக்கத்தில் என்னைப் புதையுங்கள், என் மேல் முளைப்பது உங்களுக்கு உடையாகும் என்றாராம். முளைத்தது வௌக்கே. மகள்கள் லௌஹுக்கி, லாஅஹானா இருவரும் கப்பா அடிக்கிறவர்களுக்குக் காவல் தெய்வம் ஆனார்கள், ஒருத்தி அடிப்பதற்கு, ஒருத்தி கோலத்துக்கு. நட்டு வளர்ப்பது ஆண்கள், அடிப்பது பெண்கள் என்ற பங்கீடு கதையிலேயே இருக்கிறது. இன்னொரு கதையில் ஹீனா என்பவள் அடித்த கப்பா உலர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்ள, மகன் மாவுயி ஹலேயாகலா மலைமேல் ஏறிச் சூரியனுக்கே சுருக்குப் போட்டு மெதுவாகப் போக வைத்தான்.

செங்காந்தள் எழுதியது:

வடாம் பிழிந்த அன்று எனக்கும் அப்படி ஒரு மகன் இருந்தால் தேவலை.

நேற்று மறுபடி அந்த அருங்காட்சியகம் போனேன். காவலரிடம் கேட்டு, தரையில் உட்கார்ந்து, கீழிருந்து விளக்கை நோக்கிப் பார்த்தேன். வலைக்கண் அப்படியே தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் வரிசை சற்றுக் கோணி, அடுத்த அடியில் நேராகியிருந்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

தறிக்குழி எழுதியது:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். தூரத்து உறவினர் பட்டுப்புழு வளர்க்கிறார். அவர் தோட்டத்தில் வெட்டிப் போட்ட முசுக்கொட்டைக் கொம்பு நாலு கேட்டு வாங்கினேன். உங்கள் வௌக்கே இல்லை, பங்காளி என்று வேர்முடிச்சு சொன்ன துணிச்சல்தான். உரித்தேன், தேங்காய்ச் சிரட்டை விளிம்பால் சுரண்டினேன், துவைகல்லில் வைத்துத் தச்சரிடம் வாங்கிய கொட்டாப்புளியால் அடித்தேன். எட்டு நாள் ஊறவைத்ததில் வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. மறுபடி அடித்தேன்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வந்திருக்கிறது. துணி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, ஆனால் மடித்தால் முறியவில்லை, குழைகிறது. அந்த அம்மா சொன்னது சரி. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது.

அலையோரம் எழுதியது:

ஐயா! எத்தனை ஓட்டை?

தறிக்குழி எழுதியது:

பதினொன்று. எண்ணிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு கணு இருந்த இடம். உறவினரிடம் ஒரு கன்றை மட்டும் எனக்கென்று விடச் சொல்லியிருக்கிறேன். தளிர் கிள்ள வாரம் ஒருமுறை போக வேண்டும்.